பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்: எப்படி ஓடுகிறது, ஏன் இத்தனை காலம் ஓடுகிறது

பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினால், பின்பக்கம் அடியில் கறுப்பு வர்ணம் பூசிய ஓர் இரும்பு உருண்டை உட்கார்ந்திருக்கும். மேலே தூசி அப்பியிருக்கும். தொட்டால் சுடும், கையை வைத்துப் பார்த்தால் மெல்லிய அதிர்வு தெரியும். கம்ப்ரசர் அதுதான். கதவு ரப்பர் வெடித்து, உள்ளே பிளாஸ்டிக் மஞ்சளாகி, கால்கள் துருப்பிடித்துப் போன ஃபிரிட்ஜிலும் இந்த உருண்டை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 1950களில் செய்தவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. 'அந்தக் காலத்து இரும்பு அப்படி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இரும்பின் கனத்துக்கு இதில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு, அந்த உருண்டையைத் திறப்பதற்கு ஒரு போல்ட்கூட வைக்காமல் சுற்றிலும் வெல்டிங் அடித்துவிட்டார்களே, அதற்குத்தான்.

அது ஏன் என்று புரிய, முதலில் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம்.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. பின்னால் இருக்கும் கம்பிவலை போன்ற காயில் சூடாக இருப்பது அதனால்தான். உள்ளே வைத்த பாலிலிருந்தும் தண்ணீர் பாட்டிலிலிருந்தும் எடுத்த சூடு அங்கேதான் வெளியேறுகிறது. கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் சூடாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. கதவைத் திறந்துவைத்தால் அறை குளிரும் என்று நினைப்பவர்கள் உண்டு. குளிராது, இன்னும் கொஞ்சம் சூடாகத்தான் ஆகும்.

வெப்பத்தை எப்படி அள்ளுவது? திரவம் ஆவியாகும்போது சுற்றியிருப்பதிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆவி மறுபடி திரவமாகும்போது அதே வெப்பத்தை விட்டுவிடும். இது பள்ளிக்கூடப் பாடம். அதன் மறுபாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்: ஒரு திரவம் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பது அதன்மேல் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், பிரஷர் குக்கருக்குள் கொதிக்க 120 டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது.

பழைய ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருந்த கேஸ் ஆர்-12. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதித்துவிடும். அழுத்தத்தைக் காற்றழுத்தத்தின் ஒன்றரை மடங்காக வைத்தால் மைனஸ் 20இல் கொதிக்கும். 12 மடங்காக ஏற்றிவிட்டால் 50 டிகிரிச் சூட்டிலேயே திரவமாகத் தொடங்கிவிடும். ஆக, ஃப்ரீசர் பக்கத்துக் குழாயில் ஒன்றரை, பின்பக்கக் காயிலில் 12 என்று இரண்டு அழுத்தங்களைப் பிடித்துவைத்தால் போதும். ஃப்ரீசருக்குள் மைனஸ் 20இல் கொதித்து வெப்பத்தை வாங்கிய அதே கேஸ், வெயில் நாளில் வெந்துகொண்டிருக்கும் அறையில்கூட அந்த வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிவிடும்.

இந்த இரண்டு அழுத்தங்களும் கலந்துவிடாமல் ஒரு பக்கம் கம்ப்ரசரும் மறுபக்கம் கேபிலரியும் காவல் நிற்கின்றன. கேபிலரி என்பது செம்பில் இழுத்த மெல்லிய குழாய். உள்துளை ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு, நீளம் இரண்டு மூன்று மீட்டர். திரவம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போவதால் மறுமுனைக்கு வருவதற்குள் அழுத்தம் விழுந்துவிடுகிறது. நகரும் பாகம் ஏதும் கிடையாது. அடைத்துக்கொண்டால் தவிர அது கெட வழியில்லை. உழைப்பெல்லாம் கம்ப்ரசர் தலையில்.

உருண்டைக்குள்ளே

கழித்துப்போட்ட பழைய கம்ப்ரசர் ஒன்றை, வயிற்றைச் சுற்றி ஓடும் வெல்டிங் வரியில் அறுத்து மேல்மூடியைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது எண்ணெய். நல்லபடியாக ஓடிய கம்ப்ரசர் என்றால் இருபது முப்பது வருடத்துக்குப் பிறகும் அது வெளிர் மஞ்சளாக, அடி தெரியும்படி தெளிவாக இருக்கும். கறுத்துப்போய்க் கருகல் நாற்றம் அடித்தால் அது செத்த காரணம் அங்கேயே இருக்கிறது.

அடுத்து, மோட்டாரும் பம்பும் சேர்ந்த மொத்தக் கட்டும் சில ஸ்பிரிங்குகளின்மேல் நிற்பது தெரியும். விரலால் தள்ளினால் ஆடும். பழைய ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும்போது 'டடக்' என்று ஒரு குலுக்கல் கேட்கும் அல்லவா, அது இந்தக் கட்டு ஸ்பிரிங்குகளின்மேல் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடி அடங்கும் சத்தம். அமுக்கிய கேஸை வெளியே கொண்டுபோகும் குழாய் நேராகச் சுவருக்குப் போகாது. இரண்டு மூன்று சுற்று வளைந்து, ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துத்தான் போகும். நேராக இழுத்துப் பற்றவைத்திருந்தால் சில மாதத்திலேயே ஒடிந்திருக்கும்.

மோட்டாருக்கும் பம்புக்கும் தண்டு ஒன்றுதான். அது செங்குத்தாக நிற்கிறது. ஒரு முனையில் சுற்றலை முன்பின் ஓட்டமாக மாற்றும் கிராங்க், அதிலிருந்து ஒரு சின்ன பிஸ்டன், விட்டம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். மோட்டார் சைக்கிள் பிஸ்டனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஓர் ஆச்சரியம் இருக்கும்: பலவற்றில் பிஸ்டன் ரிங்கே கிடையாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்த இடுக்கை எண்ணெயே நிரப்பி அடைத்துக்கொள்கிறது.

தண்டின் கீழ்முனை எண்ணெயில் முங்கியிருக்கும். அதற்குள் சாய்வாக ஒரு துளை போட்டிருப்பார்கள், மேலே ஒரு சுருள் காடி வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கமாக வீசப்பட்டு, அந்தத் துளை வழியே மேலே ஏறும். பேரிங், கிராங்க், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, உச்சியிலிருந்து தெறித்து, உருண்டையின் உட்சுவரில் வழிந்து கீழே இறங்கும். இறங்கும்போது மோட்டாரின் சூட்டைச் சுவருக்குக் கொடுத்துவிடும். வெளியே தொட்டால் சுடுவது அந்தச் சூடுதான். தனியாக ஓர் ஆயில் பம்ப் இல்லை, ஃபில்டர் இல்லை, மாற்ற வேண்டிய தவணையும் இல்லை.

வால்வுகள் இன்னும் எளிமை. சிலிண்டரின் தலைப்பக்கம் ஒரு தகடு, அதில் துளைகள், துளைகளை மூடியபடி மெல்லிய ஸ்பிரிங் எஃகு நாக்குகள். தடிமன் மில்லிமீட்டரில் கால்பங்கை ஒட்டி இருக்கும். பிஸ்டன் இறங்கினால் உள்ளிழுக்கும் நாக்கு தானாக வளைந்து திறக்கும். பிஸ்டன் ஏறினால் அது மூடிக்கொள்ள, மறுபக்கத்து நாக்கு திறந்து கேஸை வெளியே விடும். திறக்கச்சொல்லித் தள்ளிவிடும் கேம் கிடையாது, கம்பி கிடையாது. கேஸின் அழுத்தமே திறக்கிறது, நாக்கின் விறைப்பே மூடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து திரும்பி வரும் கேஸ் நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் உருண்டைக்குள் கொட்டி, மோட்டாரைச் சுற்றித் தடவிக்கொண்டுதான் உள்ளே போகிறது. பிஸ்டன் வகையில் பெரும்பாலானவை இப்படித்தான். இதில் இரண்டு லாபம். மோட்டாருக்கு ஓயாமல் குளிர்ச்சி கிடைக்கிறது. தப்பித்தவறித் திரவமாகவே கொஞ்சம் கேஸ் திரும்பி வந்தாலும், அது உருண்டையின் அடியில் விழுந்துவிடும்; சிலிண்டருக்குள் புகுந்து வால்வு நாக்கை ஒடிக்காது. திரவத்தை அமுக்க முடியாது என்பதால், ஒரு துளி கூடுதலாக உள்ளே போனாலும் அடி வால்வுக்குத்தான்.

கசிவுதான் அந்தக் காலத்துத் தலைவலி

இப்படி எல்லாவற்றையும் ஒரே உருண்டைக்குள் போட்டு மூடுவது தொடக்கத்திலிருந்தே இருந்த யோசனை இல்லை. ஆவியை அமுக்கிக் குளிரூட்டும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் 1834இல் லண்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் வீட்டுக்குள் வந்த முதல் மின்சார ஃபிரிட்ஜ்களில், 1910களிலும் 1920களிலும், மோட்டார் தனி, கம்ப்ரசர் தனி. இரண்டையும் ஒரு பெல்ட் இணைத்தது. கம்ப்ரசரின் தண்டு அதன் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும், பெல்ட்டை அங்கேதான் மாட்ட முடியும். அந்தத் துளையை ஒரு சீல் காத்தது. சுற்றிக்கொண்டே இருக்கும் தண்டின்மேல் உரசிக்கொண்டே இருக்கும் சீல் தேயாமல் என்ன செய்யும்? தேய்ந்தது, கேஸ் கசிந்தது.

அன்று கேஸ் என்றால் சல்பர் டை ஆக்சைடு, இல்லாவிட்டால் மெத்தில் குளோரைடு. முன்னது கசிந்தால் கண் எரியும், மூச்சு முட்டும், வீட்டை விட்டு ஓடிவிடுவார்கள். பின்னதில் அவ்வளவு நாற்றமும் கிடையாது. 1920களின் கடைசியில் சிகாகோவில் மெத்தில் குளோரைடு கசிந்து பலர் இறந்தார்கள். பெர்லினில் ஒரு குடும்பம் ஃபிரிட்ஜ் கேஸ் கசிந்து இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் நகரும் பாகமே இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள் என்பார்கள். 1926இல் தொடங்கி சில வருடம் அதில் உழைத்துக் காப்புரிமைகளும் வாங்கினார்கள். கடைக்கு வரவில்லை.

வேறொரு வழியை அதற்கும் முன்பே ஒரு பிரெஞ்சுத் துறவி கண்டிருந்தார். மார்செல் ஆடிஃப்ரென் என்பது பெயர். தண்டு சுற்றினால்தானே சீல் தேய்கிறது, இயந்திரம் முழுவதையுமே சுற்றவிட்டால் என்ன என்று யோசித்தவர் அவர். நன்றாக மூடிய இரட்டை உருண்டை, நடுவில் ஒரு குழாய்த் தண்டு, எல்லாம் சேர்ந்து சுற்றும். பம்ப் மட்டும் உள்ளே ஒரு கனமான எடையோடு தொங்கிக்கொண்டு, சுற்றாமல் நின்ற இடத்தில் நிற்கும். வெளியிலிருந்து உள்ளே போகும் நகரும் பாகம் ஒன்றுமில்லை, சீல் இல்லை, கசிவும் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் 1911இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. சாதாரண வீட்டுக்கு ஏற்ற விலையும் இல்லை, உருவமும் இல்லை. ஆனால் மூடிவைத்தால் நீண்டநாள் ஓடும் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே வேலை பார்த்த கிறிஸ்டியன் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற பொறியாளர் அடுத்த அடியை எடுத்துவைத்தார்: மோட்டாரையும் உள்ளேயே வைத்துவிடுவது. கேஸும் எண்ணெயும் மோட்டார் வைண்டிங்கும் (மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி) ஒரே டப்பாவுக்குள். வெளியிலிருந்து போவது மின்சாரக் கம்பி மட்டும். 1927இல் இப்படி வந்ததுதான் 'மானிட்டர் டாப்'. பெட்டியின் தலைமேல் உருண்டையாக உட்கார்ந்திருந்த இயந்திரம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட 'மானிட்டர்' என்ற இரும்புக் கப்பலின் பீரங்கிக் கூண்டைப் போல இருந்ததால் மக்கள் வைத்த பெயர் அது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அவற்றில் சில இன்றும் சேகரிப்பாளர்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பது இன்னும் அதே சல்பர் டை ஆக்சைடு, அல்லது பின்னால் வந்த சில மாடல்களில் மெத்தில் ஃபார்மேட்.

சல்பர் டை ஆக்சைடு சுத்தமாக, ஈரமே இல்லாமல் இருந்தால் இரும்பையும் செம்பையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரு துளி தண்ணீர் சேர்ந்தால் அமிலமாகிவிடும். ஏறக்குறைய நூறு வருடமாக அந்த உருண்டைகளுக்குள் அமிலம் உண்டாகவில்லை என்றால், தொழிற்சாலையில் உள்ளே இருந்த ஈரத்தை எவ்வளவு கவனமாக எடுத்திருப்பார்கள் என்று பாருங்கள்.

ஆர்-12 பிறகு வந்தது. அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியின் குழு கண்டுபிடித்தது. எரியாது, விஷமில்லை என்று காட்ட 1930இல் வேதியியலாளர்கள் கூடிய சபையில் அவர் அதை மூச்சில் இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக்காட்டினார். வீட்டுக்குள் பாதுகாப்பு வந்தது. வளிமண்டலத்தில் என்ன நடந்தது என்பதை 1974இல் வேதியியலாளர்கள் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் சொன்னார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, ஓசோன் படலத்தை அரிக்கும் இந்த கேஸ்களைப் படிப்படியாக நிறுத்தியது.

ஏன் தேய்வதில்லை

ஓர் இயந்திரம் எப்படிக் கிழடாகிறது? தூசி உள்ளே போய் அரைக்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் எண்ணெயைக் கெட்டியாக்கும். ஈரம் துருப்பிடிக்க வைக்கும். எஞ்சினாக இருந்தால் எரியும் பெட்ரோலின் கரியும் அமிலமும் எண்ணெயில் கலக்கும். கடைசியில் உலோகம் உலோகத்தோடு உரசும். மூடிய உருண்டைக்குள் இவற்றில் முதல் நாலும் கிடையாது. தூசி போக வழியில்லை, ஆக்சிஜன் இல்லை, ஈரம் இல்லை, எதுவும் எரிவதில்லை. அதனால்தான் கார் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்கும் நாம், ஃபிரிட்ஜ் எண்ணெயைப் பற்றி வாழ்நாளில் ஒருமுறைகூட யோசிப்பதில்லை.

ஐந்தாவது, உரசல். தண்டு வேகமெடுத்துச் சுற்றும்போது பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் எண்ணெய் ஆப்பு போலப் புகுந்து தண்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தொடுவது கிளம்பும்போதும் நிற்கும்போதும் உள்ள அந்தச் சில நொடிகளில்தான். ஒரு கம்ப்ரசர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எத்தனை முறை கிளம்பியது என்பது அதன் தேய்மானத்தைச் சரியாகச் சொல்லும். பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று கிளம்பி நிற்கும் ஃபிரிட்ஜைக் கண்டுகொள்வதில்லை. கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பார்த்துத்தான்.

பழையவற்றுக்கு இங்கே இரண்டு கூடுதல் சலுகைகள் இருந்தன. சிலிண்டரும் பேரிங்கும் வார்ப்பிரும்பு. அதன் உடம்புக்குள்ளேயே கிராஃபைட் செதில்கள் உண்டு. கிளம்பும் நொடியில் எண்ணெய் வந்து சேர்வதற்குள் அவை வழுக்கலைக் கொடுத்துச் சமாளிக்கும். அப்புறம் ஆர்-12இல் இருக்கும் குளோரின். உரசும் இடத்தில் அது இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்கி, கேஸே பாதி மசகாக வேலை செய்தது. ஓசோனைக் கெடுத்த அதே குளோரின்தான்! அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ கேஸில் குளோரின் கிடையாது. அதோடு சேரும் புதுவகை எண்ணெயோ காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் கொண்டது. தொடக்க வருடங்களில் மெக்கானிக்குகள் பழைய பழக்கத்தில் குழாயைத் திறந்துபோட்டு வேலை பார்த்தால் அது மன்னிக்கவில்லை.

வேகத்தையும் சொல்ல வேண்டும். பழைய கம்ப்ரசர்களில் பலவற்றில் இருந்தது நான்கு துருவ மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1450 சுற்று. பிறகு வந்தவை இரண்டு துருவம், 2900 சுற்று. பாதி அளவுள்ள பம்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் அதே வேலை நடக்கும், இரும்பும் செம்பும் மிச்சம். ஆனால் ஆடும் பாகங்களை முன்னும் பின்னும் வீசும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும். மெதுவாக ஓடிய கிழட்டுக் கம்ப்ரசர் தன்னைத் தானே அவ்வளவாக அடித்துக்கொள்ளவில்லை.

அந்த வால்வு நாக்குக்கு வருவோம். எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பிடித்த கணக்கு இதுதான். நிமிடத்துக்கு 1450 என்றால் மணிக்கு 87,000. ஒரு நாளில் மொத்தம் 10 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 8 லட்சத்து 70 ஆயிரம். வருடத்துக்கு ஏறக்குறைய 32 கோடி. 30 வருடத்தில் 950 கோடி முறை அந்த மெல்லிய தகடு வளைந்து நிமிர்ந்திருக்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் இருபது முறை வளைத்தால் ஒடிகிறதே, இது எப்படி ஒடியவில்லை?

எஃகுக்கு ஒரு குணம் உண்டு. வளைக்கும் அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு வளைவும் உள்ளே ஒரு நுண்விரிசலைக் கொஞ்சம் நீட்டும், ஒருநாள் ஒடியும். அந்த எல்லைக்குக் கீழேயே வளைத்துக்கொண்டிருந்தால் விரிசல் கிட்டத்தட்டத் தொடங்குவதே இல்லை. சோதனைச்சாலையில் ஒரு கோடி முறை தாங்கிவிட்டால் அந்த எஃகு அந்த அளவுச் சுமைக்குத் தாங்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நம் வால்வு அந்த ஒரு கோடியைப் பன்னிரண்டு நாளில் கடந்துவிடுகிறது! வடிவத்தில் கோளாறு இருந்தால் அது பெரும்பாலும் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். தாண்டிய நாக்கு, வெளியிலிருந்து புதிதாக ஏதும் துன்பம் வராதவரை, வளைந்துகொண்டே இருக்கும். இந்த நாக்குகளுக்கென்றே கசடு மிகக் குறைந்த, மழமழவென்று தேய்த்த தனி எஃகு செய்கிறார்கள். ஒரு கீறல்கூட விரிசலுக்கு வாசல் என்பதால் ஓரங்களைக்கூட உருட்டி மழுக்கிவிடுவார்கள்.

அப்படியானால் எதனால் சாகிறது

வெளியிலிருந்து வருவனவற்றால். முதலாவது மின்சாரம். நின்றிருக்கும் மோட்டாரைக் கிளப்ப, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் வேண்டும். அதற்கென்று ஸ்டார்ட் வைண்டிங் என்று தனியாக ஒன்று உண்டு. ஒரு நொடிக்கும் குறைவாகவே அது வேலை செய்ய வேண்டும். அதை இணைத்து விலக்குவது கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலே. பழைய ரிலேயில் ஒரு சுருளும் அதற்குள் ஒரு இரும்புத் துண்டும் இருக்கும். கிளம்பும்போது ஓடும் பெரிய கரண்ட் இரும்பைத் தூக்கும், தொடர்பு கிடைக்கும். மோட்டார் வேகமெடுத்துக் கரண்ட் இறங்கியதும் இரும்பு தன் எடையாலேயே கீழே விழும், தொடர்பு விடும். இதனால்தான் அந்த ரிலேயைத் தலைகீழாக மாட்டக் கூடாது. கீழே விழ வேண்டியது விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட் வைண்டிங் கருகிவிடும்.

ரிலேக்குப் பக்கத்திலேயே ஒரு வட்டமான ஓவர்லோட் இருக்கும். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு. சூடு ஏறினால் சட்டென்று எதிர்ப்பக்கம் வளைந்து மின்சாரத்தை வெட்டும், ஆறினால் மறுபடி சேர்க்கும். தாழ் மின்னழுத்தத்தில் கிளம்ப முடியாமல் 'உம்ம்' என்று முனகும் கம்ப்ரசரைப் பல வருடம் காப்பாற்றிவருவது இந்தத் தகடுதான்.

மின்சாரம் போய் உடனே வந்தால் ஃபிரிட்ஜை மூன்று நிமிடமாவது நிறுத்திவை என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நின்ற உடனே ஒரு பக்கம் 12, மறுபக்கம் ஒன்றரை என்ற அழுத்தம் அப்படியே நிற்கும். அதை எதிர்த்து பிஸ்டனைத் தள்ளிக் கிளம்பும் தெம்பு அந்தச் சின்ன மோட்டாருக்கு இல்லை. கேபிலரி வழியே கேஸ் கசிந்து இரு பக்கமும் சமமாகும்வரை பொறுத்தால் சுலபமாகக் கிளம்பிவிடும்.

இரண்டாவது எதிரி ஈரம். கேஸ் கசிந்து, யாரோ குழாயை அறுத்து, சரியாக வேக்கம் போடாமல் (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல்), ஈரத்தைப் பிடிக்கும் டிரையரையும் மாற்றாமல் மறுபடி கேஸ் ஏற்றிவிட்டால், உள்ளே புகுந்த ஈரமும் ஆர்-12உம் சூட்டில் சேர்ந்து அமிலமாகும். அமிலம் வைண்டிங்கின் பூச்சை அரிக்கும். குழாயிலிருந்து செம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டுபோய், சூடான பேரிங்கின்மேல் முலாம் பூசியதைப் போலப் படியவைக்கும். இருந்ததே நூறில் ஒரு பங்கு இடைவெளி. அதில் செம்பும் ஏறினால் தண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். நாற்பது வருடம் ஓடிய கம்ப்ரசர் கேஸ் அடித்த ஆறே மாதத்தில் ஜாம் ஆனால், பழி முதுமைமேல் விழும். தப்பு பெரும்பாலும் அங்கே இருக்காது.

மூன்றாவது சூடு. பின்பக்கக் காயிலில் ஒட்டடையும் தூசியும் அடைத்து, ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டிவைத்தால், கேஸ் திரவமாக இன்னும் கூடுதல் அழுத்தம் வேண்டும். கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும், வால்வுப் பக்கத்துச் சூடு நூறு டிகிரியைத் தாண்டி ஏறும், எண்ணெய் கருகி நாக்கின்மேல் கரியாகப் படியும். நாக்கு சரியாக மூடாது. கேஸை அமுக்க முடியாமல் போகும், மெக்கானிக் 'பம்பிங் இல்லை' என்பார்.

பழையதெல்லாம் பொன்னா

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவற்றை. 1955இல் செய்து 1962இல் செத்த கம்ப்ரசர் இன்று எவர் கண்ணிலும் படாது, எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் தாராளமாகவே கொடுத்தார்கள் என்பது உண்மை. எந்த இடத்தில் எவ்வளவு சுமை என்று நுணுகிக் கணக்கிடக் கணினி இல்லை; சந்தேகம் வந்தால் சுவரைத் தடிமனாக்கினார்கள், பேரிங்கை நீளமாக்கினார்கள்.

தெரியாத இடத்தில் மெலிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. மானிட்டர் டாப்பைத் தந்த அதே ஜெனரல் எலெக்ட்ரிக், 1986இல் ஃபிரிட்ஜுக்குப் புதிய ரோட்டரி கம்ப்ரசரை, பிஸ்டனுக்குப் பதில் ஓர் உருளை சுற்றியே கேஸை அமுக்கும் வகையை, கொண்டுவந்தது. பிஸ்டன் வகையைவிடப் பாகங்கள் குறைவு, எடை குறைவு. ரோட்டரி வகை ஏசியில் பல வருடம் ஓடிப் பெயர் வாங்கியிருந்ததால் தைரியமும் இருந்தது. ஆனால் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஏசியைவிட அதிக நேரம், அதிக அழுத்த வித்தியாசத்தில் ஓட வேண்டும். உலோகப் பொடியை அமுக்கிச் செய்த சில சிறு பாகங்கள் அந்தச் சூட்டில் தேய்ந்தன. விற்பனைக்கு முன் நடந்த ஆயுள் சோதனை போதவில்லை. 1988இல் நிறுவனம் 45 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்ரசர்களை மாற்றிக்கொடுத்தது. மாற்றாகப் போட்டவை பிஸ்டன் வகை.

மின்சாரக் கணக்கில் பழையது தோற்றுவிடும், அதில் பேச்சே இல்லை. 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற புதிய ஃபிரிட்ஜ் வருடத்துக்குச் சராசரியாக 1800 யூனிட் தின்றது. இன்றைய பெரிய ஃபிரிட்ஜே அதில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே முடித்துவிடுகிறது. இதில் கம்ப்ரசரின் பங்கு ஒரு பகுதிதான். சுவரின் காப்பு, கதவு ரப்பர், பனியை உருக்கும் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. இன்றைய இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கேற்ப மெதுவாக ஓடுகிறது, அடிக்கடி கிளம்பி நிற்பதில்லை. கம்ப்ரசரை மட்டும் பார்த்தால் அது நல்ல பழைய குணத்துக்கே திரும்பியிருக்கிறது என்பேன். புது ஃபிரிட்ஜ்கள் குப்பைக்குப் போவது பல நேரம் அதை ஓட்டும் சர்க்யூட் போர்டு போனதாலும், சுவருக்குள் நிரப்பிய ஃபோமுக்குள் புதைத்த குழாய் கசிந்ததாலும்தான். பழையதில் குழாயெல்லாம் வெளியே தெரிந்தது, பற்றவைக்க முடிந்தது.

பழைய ஃபிரிட்ஜ் கையில் இருந்தால் இரண்டு விஷயம். படுக்கவைத்து எடுத்துப்போகாதீர்கள். எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், சில வகைகளில் உள்ளே கட்டு ஸ்பிரிங்கிலிருந்து கழன்றுவிடும். வேறு வழியில்லாமல் படுக்கவைத்தால், நிமிர்த்திவைத்துப் பல மணி நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

இன்னொன்று, ஓடவில்லை என்றதும் 'கம்ப்ரசர் போச்சு' என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிலேயைக் கழற்றினால் மூன்று பின்கள் தெரியும். மல்டிமீட்டரில் இரண்டிரண்டாக ஓம்ஸ் பாருங்கள். மூன்று அளவுகளில் இரண்டு சின்ன அளவுகளைக் கூட்டினால் பெரியது வர வேண்டும். உதாரணத்துக்கு 8, 22, 30. அப்படி வந்தால் இரண்டு வைண்டிங்கும் அறுந்துபோகவில்லை. எந்தப் பின்னுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் தொடர்பு இருக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால், உருண்டைமேல் கை வைப்பதற்கு முன் மாற்றிப் பார்க்க வேண்டியது ரிலேயும் ஓவர்லோடும்.